மும்பையில் நிதிப் படிப்பு: 13.5 லட்சத்துக்கு என்ன கிடைத்தது?

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். அதில் ஒன்று, எங்களுக்குக் கடன் ஆய்வுப் பாடம் நடத்திய ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கு. இன்னொன்று, வங்கியில் பத்திரங்களை வாங்கி விற்கும் டீலிங் ரூமில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் எடுக்க வந்த மேடத்துக்கு. மூன்றாவது, கூடப் படித்தவர்களுக்கு. கண்ணாடிக் கட்டடத்துக்கும், வழவழப்பான பிளேஸ்மென்ட் புத்தகத்துக்கும், வரவேற்பறையில் ஓடிக்கொண்டே இருக்கும் பங்கு விலைப் பட்டைக்கும் மதிப்பெண் கொடுக்க என்னிடம் மிச்சம் இல்லை.

நான் படித்தது 2022 முதல் 2024 வரை, மேற்கு ரயில் பாதையில் அந்தேரிக்கு வடக்கே இருக்கும் ஒரு தனியார் மேலாண்மைக் கல்லூரியில். பெயர் வேண்டாம். இதே அச்சில் வார்த்த கல்லூரிகள் மும்பையில் நிறைய உண்டு, நான் சொல்வதில் பாதிக்கு மேல் அவற்றுக்கும் பொருந்தும். விளம்பரத்தில் ‘மாஸ்டர்ஸ் இன் ஃபைனான்ஸ்’ என்று இருக்கும். கையில் கொடுப்பது தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.-யின் அங்கீகாரம் பெற்ற முதுநிலை டிப்ளமோ. பல்கலைக்கழகத்தோடு சேராத தன்னாட்சிக் கல்லூரிகள் எம்.பி.ஏ. பட்டம் கொடுக்க முடியாது. தனியார் வேலைக்கு இதனால் ஒரு பாதிப்பும் இல்லை. பின்னால் பிஎச்.டி. செய்யவோ அரசுத் தேர்வு எழுதவோ நினைப்பவர்கள், இந்திய பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் சமநிலைச் சான்று அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் கடைசி டெர்மில்தான் கேட்டான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். தாராவி தொண்ணூறு அடி சாலையில் பிறந்து வளர்ந்தவள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சயானில் பி.காம். முடித்து, பவாயில் ஒரு நிறுவனத்தில் ஃபண்ட் அக்கவுண்டிங் வேலை பார்த்தேன். சாயங்காலம் ஆனால் மியூச்சுவல் ஃபண்டுகளின் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய மதிப்பு, கணக்கை முடித்து அனுப்ப வேண்டும். ஒரு ஃபண்ட் எந்தக் கடன் பத்திரத்தை வாங்கியது, எந்த விலைக்கு வாங்கியது எல்லாம் என் திரையில் வரும். ஏன் வாங்கியது என்பது மட்டும் வராது. அந்த ‘ஏன்’ பக்கத்துக்குப் போக வேண்டும் என்றுதான் படிக்கக் கிளம்பினேன். அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “ஏட்டி, வட்டிக் கணக்குப் படிக்க வட்டிக்கு வாங்கணுமா?”

வாங்கத்தான் வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்குக் கட்டணம் 13.5 லட்சம். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை பிணை இல்லாமல் கொடுத்தார்கள், அதற்கு மேல் சொத்து காட்ட வேண்டியிருந்தது. எங்களுக்கு இருப்பது குடிசைக்குப் பதிலாக வீடு தரும் எஸ்.ஆர்.ஏ. திட்டக் கட்டடத்தில் கிடைத்த வீடு. குறிப்பிட்ட வருடங்களுக்கு அதை விற்க முடியாது என்பதால் வங்கி அதைச் சொத்தாகவே பார்க்கவில்லை. ஆகவே 7.5 லட்சம் கடன், மிச்சம் என் சேமிப்பும் அம்மா எடுத்துக் கொடுத்த சீட்டுப் பணமும்.

கடன் கையெழுத்தானபோது வட்டி 8.9 சதவீதம். அது ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, கட்டிய வட்டி. 2022 மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போவை ரிசர்வ் வங்கி ஏற்றத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5-க்குக் கொண்டுபோய் நிறுத்தியது. நான் முதல் வருடத்தை முடிப்பதற்குள் என் கடன் 10.5 சதவீதம் ஆகிவிட்டது. பணக் கொள்கை என்ற பாடத்தை வகுப்பில் நடத்தியவரைவிட என் வங்கியின் குறுஞ்செய்திகள் தெளிவாக நடத்தின.

முதல் இரண்டு டெர்ம்களை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அங்கே தங்க ஒன்றும் இல்லை. நிறுவன நடத்தை, மார்க்கெட்டிங், வணிகத் தகவல் தொடர்பு, லோனாவாலாவில் கயிறு ஏறித் தலைமைப் பண்பு. பி.காம். படித்தவருக்கு முதல் டெர்ம் கணக்குப்பதிவியல் தூக்கம். பொறியியல் படித்து வந்தவருக்கு அதுவே கிலி. இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் ஆசிரியர் நடுவில் நின்றுகொண்டு யாருக்கும் உதவாமல் பாடம் எடுப்பார். பைத்தான் என்று ஒரு பாடம். திரையில் ஏற்கெனவே எழுதிவைத்த நிரலை ஒவ்வொரு கட்டமாக ஓட்டிக் காட்டினார்கள், நாங்களும் ஓட்டினோம், வரைபடம் வந்தது, எல்லோருக்கும் ஏ கிரேடு. வேலைக்குப் போன பிறகு தேவைப்பட்டதை வீட்டில் உட்கார்ந்து நானாகக் கற்றுக்கொண்டேன்.

கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பாடத்தில் மட்டும் ஒரு சுவையான விஷயம் நடந்தது. உள் வருவாய் விகிதம், அதாவது ஐ.ஆர்.ஆர்., பற்றி ஒரு அசைன்மென்ட். போகும் பணத்தையும் வரும் பணத்தையும் வைத்து உண்மையில் விழும் வட்டியைக் கண்டுபிடிக்கும் கணக்கு அது. எல்லோரும் உருக்காலை, சூரியசக்திப் பண்ணை என்று எடுத்தார்கள். நான் எங்கள் தெரு ஏலச்சீட்டை எடுத்தேன். இருபது பேர், மாதம் ஐயாயிரம், இருபது மாதம், லட்ச ரூபாய்ச் சீட்டு. முதல் மாதம் சீட்டு நடத்துபவருக்கு. மூன்றாவது மாதத்தில் ஒருவர் 25,000 ரூபாய் தள்ளிக் கேட்டு 75,000 எடுத்துப் போகிறார், மற்ற மாதங்களின் தள்ளுத் தொகை எல்லோருக்கும் பிரிந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால் அவருக்கு விழும் உண்மையான வட்டி என்ன? எக்செல்லில் போட்டால் ஆண்டுக்கு இருபது சதவீதத்துக்கு நன்றாகவே மேலே வருகிறது. ஆனால் தொடக்க மதிப்பை மாற்றிக் கொடுத்தால் மாதத்துக்கு இருநூறு சதவீதத்தைத் தாண்டிய இன்னொரு விடையும் வருகிறது. முதல் இரண்டு மாதம் பணம் வெளியே போகிறது, மூன்றாவது மாதம் உள்ளே வருகிறது, அப்புறம் கடைசி வரை வெளியே போகிறது. இப்படி இரண்டு முறை திசை மாறினால் ஐ.ஆர்.ஆர். ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பது பாடத்தில் ஒரு வரியாக வரும். அந்த ஒரு வரியை எங்கள் தெருவில் கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஆசிரியர் ‘குட்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அவர் நடத்தியது 2000-களின் ஓர் அமெரிக்கச் சில்லறை நிறுவனத்தின் கேஸ் ஸ்டடி.

இப்போது புளூம்பெர்க் டெர்மினல், அதாவது சந்தைத் தரவு காட்டும் கணினி, விஷயம். கல்லூரியைச் சுற்றிக் காட்டும்போது முதலில் கூட்டிப் போவது ‘ட்ரேடிங் லேப்’ என்ற அறைக்கு. சுவரெல்லாம் திரைகள், மஞ்சள் நிறச் சாவிகள் கொண்ட புளூம்பெர்க் விசைப்பலகைகள். பெற்றோர்கள் வாய் பிளப்பார்கள். உண்மையில் உயிரோடு இருந்த இணைப்புகள் சில மட்டுமே, மற்றவை சாதாரணக் கணினிகள். பதிவேட்டில் பெயர் எழுதிக் காத்திருந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் புளூம்பெர்க்கின் அறிமுகப் பயிற்சிச் சான்றிதழுக்காக வீடியோ ஓட்டிக்கொண்டிருப்பார். எனக்கு அதைவிடப் பத்து மடங்கு பயன்பட்டது நூலகக் கணினியில் இருந்த, சி.எம்.ஐ.இ. என்ற ஆய்வு நிறுவனத்தின் புரோவெஸ் தரவுத்தளம். இந்திய நிறுவனங்களின் பல வருட ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) வரிசையாக இறக்கிப் பார்க்கலாம். அதைச் சுற்றுலாவில் யாருக்கும் காட்டுவதில்லை. காட்ட ஒன்றும் இல்லையே, அது ஒரு சாம்பல் நிறத் திரை.

சரி, நல்லதுக்கு வருகிறேன்.

மூன்றாவது டெர்மில் நிலையான வருமானப் பத்திரங்கள் பற்றிய பாடம். நடத்திய மேடம் ஒரு வங்கியின் டீலிங் ரூமில் பல வருடம் இருந்தவர். நேரம் எங்களுக்குச் சாதகமாக அமைந்தது. 2023 ஜனவரியில் யெஸ் வங்கியின் ஏ.டி.1 பத்திரங்களை (வங்கி தடுமாறினால் முழுதாக அழிக்கப்படக்கூடிய பத்திரங்கள்) 2020-ல் மதிப்பில்லாமல் ஆக்கியது செல்லாது என்று மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 8,415 கோடி ரூபாய் விவகாரம். சாதாரண ஆட்கள்கூட ஃபிக்சட் டெபாசிட் மாதிரி என்று நம்பி அந்தப் பத்திரங்களை வாங்கியிருந்தார்கள். மார்ச் மாதம் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி கவிழ்ந்தது. அதே மாதம் சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சுவிஸ் வங்கி விழுந்து, 1,600 கோடி ஃபிராங்க் ஏ.டி.1 பத்திரங்கள் ஒரே அறிவிப்பில் பூஜ்யமாயின.

மேடம் பாடத்திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டார். சிலிக்கான் வேலி வங்கியின் ஆண்டறிக்கையை இறக்கச் சொன்னார். ‘முதிர்வு வரை வைத்திருப்பது’ என்ற தலைப்பில் இருக்கும் பத்திரங்களுக்குச் சந்தை விலை என்ன என்று அடிக்குறிப்பில் தேடச் சொன்னார். ஐந்தொகையில் வாங்கிய விலைக்கு ஒட்டி நிற்கும் அந்தப் பத்திரங்கள், அடிக்குறிப்பில் பல நூறு கோடி டாலர் நஷ்டத்தில் கிடந்தன. வங்கி அதை ஒளிக்கவே இல்லை. படிக்கத்தான் ஆள் இல்லை. “உங்க டெபாசிட் நாளைக்குக் காலைல கேட்டா கொடுக்கணும், உங்க பத்திரம் பத்து வருஷம் கழிச்சு முதிரும், நடுவுல வட்டி ஏறுது. இப்ப டியூரேஷன் என்னன்னு சொல்லுங்க” என்று இந்தியில் கேட்டார். டியூரேஷன் என்பது வட்டி மாறினால் பத்திரத்தின் விலை எவ்வளவு மாறும் என்ற அளவு. திருத்திய டியூரேஷன் 7 இருந்தால் வட்டி ஒரு சதவீதம் ஏறும்போது பத்திரத்தின் விலை ஏறத்தாழ 7 சதவீதம் இறங்கும். சூத்திரமாக இதை நான் பவாயிலேயே அறிவேன். ஒரு வங்கியைக் கொல்லும் சூத்திரம் அது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. என் சொந்தக் கடன் ஏறியதும் அந்த வங்கி விழுந்ததும் ஒரே காலத்து வட்டி ஏற்றத்தின் இரண்டு முனைகள் என்று புரிந்தபோது, கட்டணத்தில் ஒரு பகுதி கழிந்த மாதிரி இருந்தது.

அடுத்தவர் கடன் ஆய்வு நடத்திய சார். பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவிலேயே தலை நரைத்தவர். மராத்தி கலந்த ஆங்கிலம், கையில் துணிப்பை, ஸ்லைடு கிடையாது. முதல் வகுப்பில் நிறுவனத்தின் பெயர் அழித்த ஓர் ஆண்டறிக்கையை நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தார். “கடன் கொடுப்பீங்களா, மாட்டீங்களா? ஒரு பக்கத்துல எழுதுங்க.” எல்லோரும் விகிதங்களைக் கணக்குப் போட்டு ‘கொடுக்கலாம்’ என்று எழுதினோம். அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிக்கச் சொன்னார். தணிக்கையாளரின் குறிப்பு, நிச்சயமற்ற பொறுப்புகள், உறவு நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல். லாபத்தில் பெரும்பகுதி முதலாளியின் தம்பி கம்பெனிக்கு விற்றதில் வந்தது, அந்தப் பணமும் இன்னும் வரவில்லை.

உள்கட்டமைப்புக்குக் கடன் கொடுத்துக் கவிழ்ந்த ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனத்தின் கதையை அவர் மூன்று வகுப்புகளுக்கு இழுத்தார். எங்களுக்குத் தெரிந்த கட்டடம் அது, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறது, பேருந்தில் போகும்போது பார்ப்போம். முந்நூறுக்கும் மேற்பட்ட துணை நிறுவனங்கள், ஏறத்தாழ 91,000 கோடி ரூபாய் கடன். 2018 ஆகஸ்ட் வரை கடன் தரத்தில் உச்சமான டிரிபிள் ஏ, செப்டம்பரில் தவணை தவறியதைக் குறிக்கும் டி. சாலையும் சுரங்கப்பாதையும் கட்டுகிற நீண்ட காலத் திட்டங்களுக்குக் குறுகிய காலக் கடனை வாங்கிப் புரட்டிக்கொண்டே இருந்தார்கள். தர மதிப்பீட்டு நிறுவனங்களைத் திட்டுவது சுலபம், அவர் அதைச் செய்யவில்லை. “அந்த நேரத்துல உங்க மேசைக்கு இந்த ஃபைல் வந்திருந்தா நீங்க எந்தப் பக்கத்துல நின்னிருப்பீங்க?” என்று கேட்டு, 2017-ல் கிடைத்த தகவலை மட்டும் வைத்து எங்களை எழுதச் சொன்னார். பின்னால் நடந்ததை மறந்துவிட்டு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும். என் பவாய் நாட்களில் ஃபண்டுகள் அந்தப் பத்திரங்களை வாங்கியதன் ‘ஏன்’ பாதிக்கு அங்கே கிடைத்தது: டிரிபிள் ஏ என்று இருந்தது, வாங்கினார்கள், அவ்வளவுதான்.

அவர் பழைய காலத்து ஆள் என்பதால் தொழில்களுக்கு வங்கி எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று சொன்ன டான்டன் குழு, நாயக் குழு எல்லாம் நடத்தினார். வகுப்பில் பாதிப் பேர் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அதுதான் பிடித்தது, ஏனென்றால் எங்கள் சித்தப்பாவுக்குத் தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை இருக்கிறது. நாயக் குழுவின் கணக்கு எளிது. சிறு தொழிலுக்கு ஆண்டு விற்பனையில் கால்வாசி நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டும் பணம், வேண்டும். அதில் விற்பனையின் 20 சதவீதத்தை வங்கி கொடுக்கலாம், 5 சதவீதம் தொழில் செய்பவர் போட வேண்டும். சித்தப்பாவின் ஜி.எஸ்.டி. கணக்குப்படி விற்பனை 48 லட்சம். வங்கி 9.6 லட்சம், அவர் 2.4 லட்சம். அவரோ தோல் வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய பணத்துக்கு நூற்றுக்கு மூணு வட்டியில் வெளியே வாங்கிக்கொண்டிருந்தார். ஆண்டுக்கு 36 சதவீதம்.

புராஜெக்டுக்கு அவருடைய பட்டறையையே எடுத்தேன். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எப்படி எழுதுவது, அதிலிருந்து கடன்காரருக்குக் கொடுக்கவேண்டியதைக் கழித்து டிராயிங் பவர், அதாவது கடன் கணக்கிலிருந்து எடுக்கக்கூடிய தொகை, எப்படிப் பார்ப்பது, 90 நாளைத் தாண்டியும் வராத பாக்கிகளை ஏன் சேர்க்க முடியாது என்று எல்லாம் போட்டு ஒரு கோப்பு தயாரித்தேன். சித்தப்பாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. “பேங்க்காரன் தாராவின்னு முகவரியைப் பார்த்ததுமே ஃபைலை மூடிருவான்ளா” என்றார். சார் கோப்பைத் திருத்திக் கொடுத்தார். அதே கோப்போடு கிளைக்குப் போனோம். வங்கி கொடுத்தது 5 லட்சம்தான், 9.6 இல்லை. மூணு வட்டிக்காரரிடம் வாங்கியதில் பெரும்பகுதி அதில் அடைந்தது, கொஞ்சம் இன்னும் ஓடுகிறது. என் 13.5 லட்சத்தில் எங்கள் வீட்டார் கண்ணால் பார்த்த ஒரே பலன் அது.

டெரிவேடிவ்ஸ் பாடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கூடப் படித்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆசிரியர் கணக்கில் புலி. ஆப்ஷன் விலையைக் கணக்கிட 1973-ல் வந்த பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டைக் கரும்பலகை முழுக்க வருவித்துக் காட்டுவார். பின்வரிசையில் பையன்கள் அதே நேரத்தில் மேசைக்கு அடியில், வங்கிப் பங்குக் குறியீடான பேங்க் நிஃப்டியின் ஏற்ற இறக்கத்தில் பந்தயம் மாதிரி ஓடும் வாராந்திர ஆப்ஷன் வாங்கி விற்றுக்கொண்டிருப்பார்கள். வியாழக்கிழமை மதியம் வகுப்பில் திடீரென்று ஒரு பெருமூச்சு கேட்டால் எக்ஸ்பைரி, அந்த வார ஆப்ஷன் காலாவதியாகும் நேரம், என்று அர்த்தம். 2022 நிதியாண்டிலிருந்து மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் பேங்க் நிஃப்டி வாராந்திரமே நின்றது. அந்த 93-ல் எங்கள் பின்வரிசையும் உண்டு. ஒருவன் ஒரு டெர்ம் கட்டணத்தை அதில் விட்டான். கரும்பலகையில் இருந்த சமன்பாடும் மேசைக்கு அடியில் ஓடியதும் ஒன்றேதான் என்று ஆசிரியர் ஒருநாள் இணைத்துக் காட்டியிருந்தால் அந்தப் பாடத்துக்கு ஒரு மதிப்பெண் சேர்த்திருப்பேன்.

கூடப் படித்தவர்களுக்கு ஏன் ஒரு மதிப்பெண்? சி.ஏ. இன்டர் முடித்துவிட்டு வந்த ஒரு குஜராத்திப் பெண் எனக்கு வரிக் கணக்கு சொல்லிக் கொடுத்தாள், நான் அவளுக்கு ஃபண்ட் கணக்கு. கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் விடுதிச் சாம்பாரில் இருக்கும் வெல்லத்தைத் தாங்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிட வருவான், அம்மாவோடு சீட்டுக் கணக்குப் பேசுவான். நல்ல காபி வேண்டும் என்றால் மாட்டுங்காவுக்கு ரயில் ஏறுவோம். இன்றைக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் நான் முதலில் கேட்பது இந்த நாலைந்து பேரைத்தான். இதைக் கல்லூரி திட்டமிட்டுக் கொடுக்கவில்லை, ஆனால் அங்கேதான் கிடைத்தது.

இனி பிளேஸ்மென்ட். புத்தகத்தில் முதல் பக்கம் ‘அதிகபட்சச் சம்பளம்’, அடுத்து ‘சராசரி’. யாரோ ஒருவருக்கு வந்த பெரிய வேலை சராசரியைத் தூக்கிவிடும் என்பது புள்ளியியல் முதல் பாடம், அதை நடத்திய கல்லூரிதான் இந்தப் புத்தகத்தையும் அச்சடிக்கிறது. இடைநிலைச் சம்பளம், அதாவது எல்லோருடைய சம்பளத்தையும் வரிசையாக வைத்தால் நடுவில் வரும் மீடியன், எங்கே என்று தேடினால் கிடைக்காது. அந்த எண் வேண்டுமானால் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரி அரசிடம் கொடுத்த தரவைப் பாருங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, மீடியன் என்ன என்று அதில் இருக்கும். ஐ.ஐ.எம். அகமதாபாத் தொடங்கிய, வேலைவாய்ப்பு அறிக்கைக்கான ஐ.பி.ஆர்.எஸ். முறைப்படி தணிக்கை செய்த அறிக்கையைச் சில கல்லூரிகள் வெளியிடும். உங்கள் கல்லூரி வெளியிடுகிறதா என்று நேரில் கேளுங்கள். நான் கேட்டபோது “எங்களுடையது இன்னும் விரிவானது” என்று பதில் வந்தது.

‘நிதித்துறை வேலை’ என்று கணக்கில் வருவதில் கணிசமான பகுதி தனியார் வங்கிகளில் ரிலேஷன்ஷிப் மேனேஜர் பதவி. வேலை என்னவென்றால் டெபாசிட் போட வந்தவர் தலையில் காப்பீட்டுப் பாலிசியைக் கட்டுவது. அது மோசமான வேலை என்று சொல்லவில்லை, நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் மேலே வருகிறார்கள். அதற்கு டியூரேஷன் தெரியத் தேவையில்லை. கடன் ஆய்வு, பங்குகளை ஆராயும் ஈக்விட்டி ரிசர்ச் மாதிரி வேலைகளுக்கு வந்த நிறுவனங்கள் குறைவு, வந்தவர்களும் சி.ஏ. முடித்தவர்களையும் முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சி.எஃப்.ஏ. தேர்வில் முதல் நிலை தாண்டியவர்களையும் முதலில் கூப்பிட்டார்கள். சி.எஃப்.ஏ.-யின் முதல் நிலைப் பாடமும் எங்கள் முதல் வருடப் பாடமும் பெருமளவு ஒன்றுதான். படிக்கும்போதே எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

எனக்கு ஒரு கடன் நிறுவனத்தின் கடன் ஆய்வுப் பிரிவில் வேலை கிடைத்தது, வேண்டியது அதுதான். கடிதத்தில் 11.2 லட்சம். அதில் 1.4 லட்சம் ‘செயல்திறனைப் பொறுத்து’. நிறுவனம் கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, காப்பீடு எல்லாம் அதே எண்ணுக்குள். மாதம் கைக்கு வந்தது 68,000. பழைய வேலையில் 38,000 வாங்கினேன், இருந்திருந்தால் இரண்டு வருடத்தில் 46,000 ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக இந்தப் படிப்பு கூட்டிக் கொடுத்தது மாதம் 22,000, வருடத்துக்கு 2.64 லட்சம்.

செலவு? கட்டணம் 13.5, வராமல் போன சம்பளம் 9.1, மொத்தம் 22.6 லட்சம். இன்டர்ன்ஷிப் பணம் லேப்டாப்புக்கும் ரயில் பாஸுக்கும் சரியாகப் போய்விட்டது. வெறுமே வகுத்தால் எட்டரை வருடம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடி, பின்னால் வரும் பணத்தை ஆண்டுக்கு 10.5 சதவீத வட்டியில் இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிட்டால், இதே 22,000 இடைவெளி இருபது வருடம் நீடித்தாலும் இன்றைய மதிப்பு 21.7 லட்சம்தான். போட்ட பணத்தைத் தொடவே இல்லை! சம்பள இடைவெளி சீக்கிரம் அகலமானால் மட்டுமே இந்த முதலீடு தேறும். என்னை மாதிரி கணக்கு முடிக்கும் பேக் ஆஃபீஸ் வேலையில் இருந்து கடன் ஆய்வுக்கு மாறியவர்களுக்கு அது அகலமாகும், எனக்கும் ஆகத் தொடங்கியிருக்கிறது. ரிலேஷன்ஷிப் மேனேஜராகப் போன என் நண்பர்கள் சிலருக்கு அப்படி ஆகவில்லை. இறுதி டெர்மில் ஒரு பேராசிரியரிடம் இந்த எக்செல் தாளைக் காட்டினேன். “கல்வியை இப்படிக் கணக்குப் பார்க்கக் கூடாது” என்றார். நிதிப் படிப்பில்!

யாருக்குச் சொல்வேன்: ஏற்கெனவே நிதித்துறையின் ஓரத்தில் இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்து, எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு. பி.காம். முடித்த கையோடு, அப்பா அம்மா சொல்கிறார்கள் என்று வருபவர்களுக்குச் சொல்ல மாட்டேன். சர்ச்கேட் பக்கம் ஜம்னாலால் பஜாஜ் கல்லூரியில் எம்.எஸ்சி. ஃபைனான்ஸ் இருக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, பட்டமே கொடுக்கிறார்கள், இடங்கள் குறைவு. அங்கே இடம் கிடைப்பவர்கள் இந்த விமர்சனத்தைப் படிக்கவே வேண்டாம். சி.ஏ. முடித்தவர்களும் யோசித்துச் சேருங்கள், உங்களுக்கு இது புதிதாகக் கொடுக்கப்போவது கொஞ்சம்தான்.

சேரத்தான் போகிறீர்கள் என்றால், அறிமுக நாளில் டெர்மினல் அறையைச் சுற்றிப் பார்க்கும் நேரத்தில் இரண்டாம் வருட மாணவர் ஒருவரைத் தனியே பிடித்து, நாலாவது டெர்மில் எந்தப் பாடத்தை யார் எடுக்கிறார்கள், வெளியிலிருந்து வரும் ஆசிரியர்கள் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் சாரும் மேடமும் நிரந்தர ஆசிரியர்கள் கிடையாது. எனக்கு அடுத்த வருடம் மேடம் வரவில்லை. பாடப்புத்தகங்களை மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் பழையதாக வாங்கி, முடிந்ததும் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கடனைப் பொறுத்தவரை, படிக்கும் காலத்திலேயே மாத வட்டியைக் கட்டிவிட முடிந்தால் கட்டிவிடுங்கள். பல வங்கிகள் அதற்கு ஒரு சதவீதம் வட்டிக் குறைப்பும் தருகின்றன, இல்லாவிட்டால் சேர்ந்த வட்டி எல்லாம் முடிவில் அசலோடு சேரும். எனக்கு அப்படிச் சேர்ந்துதான் மாதத் தவணை 14,500 ஆனது. வருமான வரியில் எட்டு வருடம் வரை கல்விக் கடன் வட்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்று வங்கியில் சொல்வார்கள். அது பழைய வரி முறைக்கு மட்டும். புதிய முறையைத் தேர்ந்தெடுத்தால் கிடையாது, ஆகவே முதல் சம்பளம் வந்ததும் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள்.